பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைக்கும் விதம்

1

விருத்தாசலத்தில் இருக்கிற என் சொந்தபந்தங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஐயோ பாவம், குளிரில் என்ன பாடுபடுகிறாளோ என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். குளிருக்குக் கோட்டு இருக்கிறது. கோபத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பீங்கான் ஊரில் பிறந்து, கல்யாணமாகி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இன்னொரு பீங்கான் ஊருக்கே வந்து சேர்ந்தவள் நான். ஊரில் ஃபியூஸ் கட்டை செய்வார்கள், இங்கே டீ கோப்பை செய்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று வந்த புதிதில் என் கணவரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மகள் நிவேதா இங்குள்ள மேல்நிலைப் பள்ளியில் பெரிய வகுப்பில் படிக்கிறாள். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவள் இன்னும் அங்கே படித்து முடிக்கவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்தப் பள்ளியில் புதுக் குடும்பங்களுக்கு வரவேற்பு மாலை என்று ஒரு சாயங்கால நிகழ்ச்சி நடக்கும். சோமாலியாக்காரர்கள், போலந்துக்காரர்கள், சிரியாவிலிருந்து வந்தவர்கள், பாகிஸ்தான்காரர்கள், நம் மலையாளி நர்ஸ்கள் என்று ஹால் நிரம்பிவிடும். சுவரெங்கும் கொடிகள். ஒவ்வொரு மொழியிலும் வணக்கம் எழுதி ஒட்டியிருப்பார்கள். தமிழ் வணக்கத்தில் புள்ளிகள் கொட்டிப்போயிருக்கும். நான் வருஷா வருஷம் நாற்காலி போட்டு ஏறி மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு இறங்குவேன். தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது நானாகவே கை தூக்கினேன். கழுத்தில் பச்சை நாடாவில் ஓர் அட்டை மாட்டிவிடுவார்கள். சம்பளம் கிடையாது. டீயும் பிஸ்கட்டும் உண்டு.

போன வாரம் இந்த வருஷத்து மாலை நடந்தது. அங்கே நான் ஒரு காரியம் செய்தேன். அது ஒழுங்கீனம் என்று ஒருவர் சொன்னார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் அது புரியும். அதைச் சொல்வதற்கும் முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை பார்த்தார். என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கவேண்டிய அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வேலையிலிருந்தே வந்தார். புருவம் வரைக்கும் வெள்ளை மண். அம்மா வாசலில் வைத்துத் திட்டியும் முகத்தை மட்டும்தான் கழுவினார். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், இனிமே இது உங்க புள்ள. படிக்கலன்னா கண்ண மட்டும் உட்டுட்டுத் தோல உரிச்சிருங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

தலைமையாசிரியர் சிரித்தார். "ஏன்யா, நான் உரிக்கிறதுக்கா பெத்து வளத்துக்கினு வந்த? போ, போயி வேலையப் பாரு. நான் பாத்துக்கறேன்."

எங்களுக்குப் பின்னால் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் மகனோடு நின்றிருந்தார். அவரும் இதையே சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சொல்லியிருப்பார். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிற முறை அது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தால் ஏதோ பையை மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

என் அப்பா ஒருநாளும் என்னை அடித்ததில்லை. வாத்தியார்கள் அடித்தார்கள். கணக்கு வாத்தியாரிடம் உள்ளங்கை சிவக்கச் சிவக்க வாங்கியிருக்கிறேன். அதில் எனக்கு ஓர் இன்பமும் இல்லை, அதனால்தான் உருப்பட்டேன் என்று பீற்றிக்கொள்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளை அடிப்பது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அப்பா அந்த அறையில் கேட்டது அடி இல்லை. படித்தவர்கள் முன்னால் போய் நிற்கும்போது எங்கள் ஆட்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. நன்கொடை கொடுக்க முடியாது, சிபாரிசுக்கு ஆள் கிடையாது. பிள்ளை மேல் இருக்கிற உரிமை ஒன்றுதான் கையில் இருக்கும். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நான் பாத்துக்கறேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும். வந்துவிட்டால் அப்பாக்கள் நிம்மதியாக வேலைக்குத் திரும்பிப் போவார்கள்.

3

போன வருஷம் வரவேற்பு மாலைக்குச் செந்தில் குடும்பம் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கள். மனைவி கலைவாணி என் கணவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே நர்ஸாக வந்தவள். அவளுடைய விசாவில் செந்திலும் மகள் தேன்மொழியும் வந்தார்கள். ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தவர் இங்கே பார்சல் கிடங்கில் அட்டைப்பெட்டி ஏற்றுகிறார். முதல் நாளே என்னை அக்கா என்றார். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து, எங்கள் கம்பெனி இருந்த சாலையில் அவர் மாமா டீக்கடை வைத்திருந்தார் என்பது வரைக்கும் போய்விட்டோம்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. புது மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியை மிஸ் ஹெலன், நல்ல பெண்மணி, இதை மனதாரச் சொல்கிறேன், ஒவ்வொரு குடும்பமாக உட்காரவைத்துப் பேசிக்கொண்டு வந்தார். இவர்கள் முறை வந்தது. பிள்ளைக்கு என்ன பிடிக்கும், மதியச் சாப்பாட்டில் எது ஆகாது என்றெல்லாம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கடைசியில், உங்கள் மகளைப் பற்றி எங்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

நான் தமிழில் சொல்வதற்குள் செந்தில் எழுந்துவிட்டார். வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கையைக் கூப்பினார்.

"மேடம், மை டாட்டர், யுவர் டாட்டர். நாட் ஸ்டடி, யூ பீட்." பிறகு விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, "திஸ் ஒன்லி லீவ். ஸ்கின், ஆல் டேக்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன்! வெள்ளை மண் புருவத்தோடு என் அப்பாவே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. கலைவாணியும் சிரித்தாள். தேன்மொழி வெட்கப்பட்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மிஸ் ஹெலன் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "தேங்க்யூ" என்றார். நான் அவசரமாக, இது எங்கள் ஊர் வழக்கம், நம்பிக்கை வைத்துச் சொல்கிற வார்த்தை என்று விளக்கப் போனேன். மொழிபெயர்ப்பாளர் சேர்த்துச் சொல்லவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்று மெதுவாக நினைவுபடுத்தினார். அது அட்டை மாட்டும்போதே சொல்லிக்கொடுக்கிற விதிதான்.

4

மறுநாள் பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது. குழந்தைப் பாதுகாப்பு விஷயமாக விசாரிக்கிறோம், இனி அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பிள்ளையின் அப்பா அப்படிச் சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் சிரித்தார் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். சிரித்ததற்கு ஏதாவது விளக்கம் உண்டா என்று கேட்டார்கள். "உண்டு. கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா?" என்றேன். பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அதற்குள் தேன்மொழியை வகுப்பிலிருந்து தனியறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். போனில் யாரோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அப்பா உன்னை அடிப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை உள்ளதைச் சொல்லியிருக்கிறது.

"அப்பாலாம் அடிக்க மாட்டாரு. அம்மாதான் ஒருதரம் தோசத் திருப்பியால கையில ஒன்னு போட்டாங்க."

முடிந்தது கதை. அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். சமூக சேவைத் துறையிலிருந்து ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்து படுக்கையறை, குளிர்பெட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனாள். கலைவாணி நர்ஸ். பிள்ளையை அடித்தவள் என்று ஒரு முத்திரை விழுந்தால் வேலைக்கு ஆபத்து. வேலை போனால் விசா போகும். குடும்பமே மூட்டை கட்ட வேண்டும். ஊரில் லேத்தை விற்றுவிட்டு வந்திருக்கிறார்கள்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது செந்தில் கிடங்குச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் என்னாக்கா தப்பா சொல்லிட்டேன்? எங்கப்பா என்ன சேக்கறப்ப சொன்னதத்தான சொன்னேன்?"

"தப்பா ஒன்னும் சொல்லல தம்பி. கேட்டவங்களுக்குத்தான் வேற மாதிரி கேட்டுட்டுது."

"புள்ளயத் தனியா கூப்ட்டு, ஒங்கப்பன் ஒன்ன அடிக்கிறானான்னு கேட்டிருக்காங்கக்கா. எம்பொண்ணு என்னப் பத்தி என்னா நெனச்சிருக்கும்?"



வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். நிவேதா ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "அம்மா, ரூல்னா ரூல்தான். அந்த மாதிரி யாராவது சொன்னா ஸ்கூல் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். உண்மையிலேயே அடி வாங்கற புள்ளைங்களும் இருக்காங்கல்ல?"

இருக்கிறார்கள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. என் மகள் அவர்கள் பக்கத்து நியாயத்தை இவ்வளவு சுளுவாகச் சொல்கிறாள், தன் தாத்தாவின் வார்த்தை அவளுக்குக் குற்ற அறிக்கையாகக் கேட்கிறது. அன்றைக்கு அவளோடு சரியாகப் பேசவில்லை.

5

விசாரணைக் கூட்டத்துக்குக் குடும்பம் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. விதி அவர்களுக்கு மட்டும்தானா? செந்தில் என்னை அழைத்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான். கொடி கட்டுகிற வரவேற்பு மாலைக்குப் பட்டு கட்டி வரச் சொல்கிறார்களே, இதற்கும் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனேன்.

மிஸ் ஹெலனும் அந்த இளம்பெண்ணும் மேசைக்கு அந்தப் பக்கம். இங்கே பிள்ளைகளை அடிப்பது கூடாது என்று நிதானமாகச் சொன்னார்கள். செந்தில் தலையாட்டினார். கலைவாணி அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு நான் பேசலாமா என்று கேட்டேன்.

என் ஆங்கிலம் கோபத்தில் நன்றாக வரும். "அடிக்கக் கூடாது என்கிறீர்கள். சரி. இதை அன்றைக்கே அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, நாங்கள் அடிக்க மாட்டோம், ஆனால் உங்கள் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால், காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் தன் மகளை உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. தேங்க்யூ என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் மகளிடம் போய் அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டீர்கள். எங்கள் பண்பாட்டுக்கு இங்கே இடமுண்டு என்கிறீர்களே, சமோசாவுக்கு மட்டும்தானா?"

மிஸ் ஹெலனின் முகம் சிவந்தது. குழந்தையின் பாதுகாப்புதான் முதல், அதற்காக மன்னிப்புக் கேட்க முடியாது என்றார். "கேட்க வேண்டாம். நான் சிரித்ததற்கும் கேட்கப்போவதில்லை" என்றேன்.

கலைவாணியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். "இனிமே தோசத் திருப்பி தோசைக்கு மட்டும்தான். புரியுதா? அதுல அவங்க சொல்றது சரி."

"புரியுதுக்கா" என்றாள்.

சில வாரங்களில் மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று முடித்துக்கொண்டார்கள். வேலை போகவில்லை, விசா போகவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக என் கணவர் கேசரி கிண்டினார்.

6

ஜெயிக்கவில்லை. செந்தில் வாயை மூடிக்கொண்டுவிட்டார். பெற்றோர் கூட்டங்களில் போய் உட்காருவார், என்ன சொன்னாலும் தேங்க்யூ என்பார், எழுந்து வந்துவிடுவார். தேன்மொழிக்கு ஆங்கிலம் பிடிபட்டுவிட்டது. கடையில், பேங்கில் அவள்தான் பேசுகிறாள், அவர் பின்னால் நிற்கிறார். ஒருநாள் கலைவாணி ஏதோ அதட்டியதற்கு, "ஸ்கூல்ல சொல்லிடுவேன்" என்றாளாம். அதைக் கலைவாணி என்னிடம் சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்து, முடிக்கும்போது அழுதாள். செந்தில் அப்போது எழுந்து வெளியே போய்விட்டாராம். மகளைக் கண்டிக்கவும் இல்லை, சமாதானப்படுத்தவும் இல்லை.

இந்த ஆகஸ்டில் மிஸ் ஹெலன் என்னைக் கூப்பிட்டார். என் அட்டையைத் திருப்பித் தந்தார். நல்ல பெண்மணி என்று சொன்னேனே. புதுக் குடும்பங்களுக்கான கையேட்டில் ஒரு பத்தி சேர்க்கிறோம், தமிழில் எழுதித் தரமுடியுமா என்றார். பிள்ளைகளைத் தண்டிப்பது பற்றி விளையாட்டாகக்கூடப் பள்ளியில் பேச வேண்டாம் என்று அதில் இருந்தது. முடியாது என்றேன். அப்படியானால் வரவேற்பு மாலையில் பழைய குடும்பங்களின் சார்பாகச் சில நிமிஷம் பேசுங்கள் என்றார். அதற்குச் சரி என்றேன். நான் பேசப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நேராகச் செந்தில் வீட்டுக்குப் போனேன்.

"வேணாங்க்கா. வாயத் தொறந்தாலே வம்பு. இப்பிடியே ஓட்டிட்டுப் போயிர்றேன்."

"நீ வாய மூடிக்கினு இருந்தா அவங்களுக்கு நிம்மதிதான் தம்பி. ஒம்பொண்ணுக்கு?"

"அதுக்கு என்னா?"

"அவ பார்வையில நீ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட ஆளாவே இருக்கப்போறியா? அன்னிக்கி நீ எதுக்குச் சொன்னன்னு அவகிட்ட யாரு சொன்னாங்க? நீயாவது சொன்னியா?"

 உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தேன்மொழி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். போயிட்டு வரேன் என்று எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவர், "தமிழ்லதான் பேசுவேன்" என்றார்.

போன வாரம் ஹால் நிறைய ஜனம். தேன்மொழி வழிகாட்டி மாணவியாக பிளேசர் போட்டுக்கொண்டு புதுப் பிள்ளைகளுக்கு நாற்காலி காட்டிக்கொண்டிருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறி, நான் பேசவில்லை, இவர் பேசுவார் என்று செந்திலைக் கைகாட்டினேன். மிஸ் ஹெலன் பாதி எழுந்தார். அதற்குள் செந்தில் மைக் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"வணக்கங்க. நான் தேன்மொழியோட அப்பா. போன வருசம் இங்கதான் எம்பொண்ண டீச்சர் கையில ஒப்படச்சேன். எங்க ஊருல ஒப்படைக்கிற மாதிரியே ஒப்படச்சேன். அது உங்களுக்குப் புரியல. இங்க அடிக்கக் கூடாதுன்னாங்க, நல்லது, ஒத்துக்கிட்டேன். ஆனா என்னக் கேக்காம எம்பொண்ணக் கேட்டீங்க. அன்னிக்கி நான் ரொம்பப் பயந்துட்டேன். அதுக்கப்பறம் இந்த ஸ்கூலுல நான் வாயே தொறக்கல. எம்பொண்ணயும் கேளுங்க, அது ஒங்க கடம. என்னயும் கேளுங்க. நான் அவ அப்பன். இங்கதான் இருக்கேன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, தலை நிமிர்ந்து சொன்னேன்.  எனக்குப் பெருமையாக இருந்தது. முடித்துவிட்டேன் என்று மைக்கைக் கீழே இறக்கினேன்.

"அத்தை, அப்பா இன்னொன்னு சொன்னாரு."

நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து தேன்மொழி. நான் அவளைப் பார்த்தேன். அவர் பயந்தார் என்பதை நான் விட்டிருந்தேன். தெரிந்துதான் விட்டேன். எங்கள் ஊர் மனிதன் இத்தனை பேர் முன்னால் பயந்தேன் என்று சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் நடந்து வந்தாள். மேடையேறி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் அப்பா பயந்துபோயிருந்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அதற்குப் பிறகு அவர் உங்களிடம் பேசவே இல்லை. அவர் என்னை ஒருபோதும் அடித்ததில்லை. அன்றைக்கே உங்களிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்." பிறகு அப்பாவைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "கரெக்டாப்பா?"

செந்தில் அவள் தலைமேல் கையை வைத்தார்.

மிஸ் ஹெலன் மேடையோரம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து தலைமையாசிரியர் பேசவேண்டும், நேரமாகிவிட்டது, நிகழ்ச்சி நிரலில் இல்லாததை இப்படிச் செய்வது ஒழுங்கீனம் என்று என் காதருகில் சொல்லிவிட்டு, மைக்குக்குக் கையை நீட்டினார். அதற்குள் முன்வரிசையில் ஒரு சோமாலியத் தாய் தானும் பேசவேண்டும் என்று கை தூக்கி எழுந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு போலந்துக்காரர். அவருக்கும் பின்னால் இன்னும் இரண்டு பேர். தேன்மொழி மைக்கை யாரிடம் கொடுப்பது என்று என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மாகிட்ட குடு" என்றேன்.